அனவரதம் வீட்டில் இருக்கிறார்

பயப்படாதீர்கள் அம்மா, குழாய்தான். அடுக்களைக் குழாய். உள்ளே ஆள் யாரும் இல்லை. மேல்தொட்டி நிரம்பினால் அழுத்தம் தாங்காமல் தானாக ஓட ஆரம்பிக்கும். இருங்கள், மூடிவிட்டு வருகிறேன்.

ம். இனி கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிளம்பர் வந்து வாஷர் மாற்றினான். அப்புறமும் ஓடியது. அடுத்து வந்தவன், "இந்தப் பித்தளையத் தூர எறிஞ்சிட்டுப் புதுசு போடுங்க அண்ணாச்சி, இதுக்கு உயிரு போயாச்சு" என்றான். உயிர் போன பொருள் இப்படியா சத்தம் போடும் என்று கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். என் மனைவி புழங்கிய குழாய். மாற்ற மனசில்லை, அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

காபியைக் குடியுங்கள். விளிம்புக்குக் கீழே ஒரு விரல் விட்டுத்தான் ஊற்றியிருக்கிறேன். குறைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. அதற்கு மேல் ஊற்றினால் சிந்தும். சிந்தின காபி யாருக்கும் சேராத காபி. நான் முத்திரை ஆய்வாளராக இருந்தவன். எடைக்கல் இன்ஸ்பெக்டர் என்றால் கடைவீதியில் தெரியும். தென்காசி வட்டாரத்தில் என் முத்திரை விழாத தராசு கிடையாது.

பரிந்துரை கேட்டீர்கள். உங்கள் பதிப்பகம் சிரிப்புக் கதைகளாக ஒரு வரிசை போடுகிறது, வாசகர்களுக்கு எதையெல்லாம் சொல்லலாம் என்று. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். கிளை நூலகத்தில் யாராவது "சிரிக்க மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் நூலகர் அலமாரியைக் காட்டமாட்டார், என்னைக் காட்டுவார். அழுகைக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுத்துவிடலாம். சிரிப்புக் கதையை ஆள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் கரண்டியைத் தொலைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற கதை ஒன்று உண்டு. நல்ல கதை. அதை பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் வைத்திருக்கிற பூதத்தானுக்குக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வந்து, "எங்கடைச் சாம்பாரத்தானே வே சொல்லுதீரு?" என்றார். அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கதையில் சாம்பாரே வரவில்லை. ரசம்தான் வருகிறது. மனிதர்கள் எதை எடுத்தாலும் அதில் தங்களையே பார்த்துக்கொள்கிறார்கள். சிரிப்புக் கதை வாசிக்கிறவனுக்கு முதலில் அந்தப் புத்தி போக வேண்டும்.

ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் நான் சொல்வது ஒன்றைத்தான். நீங்களும் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள். 'அனவரதம் வீட்டில் இருக்கிறார்.' எழுதியவர் செண்பகவடிவு. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது வாராவாரம் கிழித்து வைத்து யாரோ பைண்ட் செய்திருக்கிறார்கள். அது பழைய புத்தகக் கடையில் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அதை மறுபடி அச்சுப் போடப் போகிறீர்கள். பின்னட்டைக்கு ஆசிரியர் படம் வேண்டும். பாதியில் நிற்கிற கதைக்கு ஒரு முடிவும் எழுதித் தர வேண்டும். படம் தயாராக வைத்திருக்கிறேன், இதோ, சட்டைப் பையில். பணி ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. மாலையோடு இருப்பதால் முகத்தில் எழுத்தாளருக்கான களை இருக்கிறது என்றார் ஸ்டுடியோக்காரர்.

செண்பகவடிவு என் மனைவி பெயர். அதோ சுவரில் இருக்கிறாள். போன ஐப்பசியில் தவறிப்போனாள்.

அனவரதம் நான்தானா என்று நீங்களும் கேட்கப் போகிறீர்கள். எல்லோரும் கேட்டதுதான். இல்லை. அனவரதம் மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன். நான் எடை. அவன் வேண்டுமென்றே லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டியின் அடுக்களையை மேற்பார்வை பார்க்கிறவன். எனக்கு அந்தச் சமயம் கால் முறிந்திருந்தது. வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம். இருக்கிற நேரத்தில் நாலு காரியத்தைச் சீர்படுத்தினேன். அவன் எண்ணெய்ப் புட்டியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவான், எவ்வளவு குறைகிறது என்று பார்க்க. நான் நீலப் பென்சில். வேண்டுமானால் உள்ளே போய்ப் பாருங்கள், இன்றைக்கும் நீலம்தான்.

பலாப்பழம் வருகிற இடம் படித்தீர்களா? படிக்கும்போதே சிரித்திருப்பீர்கள். மாமியார் ஊரிலிருந்து பலாப்பழம் கொண்டு வருகிறாள். அனவரதம் அதை முழுசாக ஒருதரம் எடைபோடுகிறான். அறுத்த பிறகு சுளை, கொட்டை, சக்கை, தோல் என்று தனித்தனியாகப் போடுகிறான். கூட்டிப் பார்த்தால் குறைகிறது. வந்த களைப்புக்கூட ஆறாத மாமியாரை நிற்கவைத்து விசாரணை. அவள் கையில் ஒட்டியிருக்கிற பிசினை வழித்துத் தட்டில் வைக்கச் சொல்கிறான். அப்போது மைத்துனன் மெதுவாகச் சொல்கிறான்: "அத்தான், நீங்களும் ஒருக்கா தராசுல ஏறிருங்க." விசாரித்துக்கொண்டே ஒவ்வொரு சுளையாக வாயில் போட்டுக்கொண்டிருந்தது அனவரதம்தான்.

ஊரே சிரித்தது. எங்கள் வீட்டில் நடந்தது பலாப்பழமே இல்லை. மாம்பழம். அதுவும் கொஞ்சம்தான் குறைந்தது.

அவள் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அடுக்களையில், அரிசிப் பானை மூடி மேல் அட்டையை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். தபாலில் சேர்த்தது எதிர்வீட்டு டீச்சர். கால் சரியாகி நான் அலுவலகம் போன அன்று, கூட வேலை பார்த்த நயினார் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மூச்சே விடலியே! வீட்டம்மா பேருல ஒளிஞ்சுக்கிட்டு இந்தப் போடு போடுதியளே!"

அந்தக் காலத்தில் அது வழக்கம், உங்கள் வயசுக்குத் தெரிந்திருக்காது. பத்திரிகையில் ஒரு பெண் பெயர் இருந்தால் அதற்குப் பின்னால் மீசை வைத்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். மனைவி பெயர், மகள் பெயர், அண்ணி பெயர். பெண் பெயரில் எழுதியது பெண்தான் என்று நினைப்பது வெகுளித்தனம். அதுவும் சிரிப்புக் கதைக்கு அந்த நினைப்பே வராது. "பொம்பளையாள் அழ வைப்பா அண்ணாச்சி. சிரிக்க வைக்கதுக்கு ஆம்பளதான் வேணும். வாசிச்ச உடனே தெரிஞ்சிட்டுல்லா" என்றார் நயினார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தேன். சிரிப்பது பொய்யில் சேராது.

தன்னைத்தானே இவ்வளவு கேலி செய்துகொள்ள எப்பேர்ப்பட்ட மனசு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அதுவரைக்கும் என் தலை தெரிந்தால் கடைக்காரர்கள் தராசைத் துணி போட்டு மூடுவார்கள். அந்த வருஷம் முழுவதும் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள். வாசகர் வட்டத்தில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். பலாப்பழத்தை வாசித்தேன். நான் வாசித்ததற்கு அப்படிச் சிரித்தார்கள். அவள் பெண்கள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சிரிக்கும்போது அவள் மட்டும் சிரிக்கவில்லை. அங்கே குழாய் இல்லையே.

அதைச் சொல்லவில்லையா உங்களிடம்? அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது ஒரே ஒரு தடவைதான். கல்யாணமான புதிதில். எதற்கோ கலகலவென்று சிரித்தாள். என் அம்மாவின் முகம் ஒரு மாதிரியாக ஆயிற்று. "என்ன சிரிப்பு, அடுத்த வீட்டுக்குக் கேக்க" என்று சொன்னேன். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். அதற்கப்புறம் சிரிப்பு வந்தால் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒன்றும் வெளியே வராது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வருவாள். சிரித்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன். முதுகைத்தான் பார்க்க முடியும். தோள் குலுங்கும். சிரித்தால்தானே தோள் குலுங்கும்?

ஊரில் நான் எழுதுவதாக நினைக்கிறார்கள் என்று அவளிடம் சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். "அப்படியா?" என்றாள். உள்ளே போனாள். குழாயைத் திறந்தாள்.

பிறகு பத்திரிகை ஆசிரியர் குற்றாலச் சீசனுக்கு வந்தவர், நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தார். "ஒரு பெண்ணோட மனசுக்குள்ள புகுந்து எழுதுறீங்களே, எப்படி சார் முடியுது?" என்றார். எல்லாம் கவனிப்புதான் என்று சொன்னேன். அதில் தப்பில்லை, கவனிப்புதானே? அவள் காபி கொண்டுவந்தாள். அவர் அவளைப் பார்த்து, "நீங்க கொடுத்து வெச்சவங்கம்மா. சார் உங்க பேரைத் தமிழ்நாடு பூரா தெரிய வெச்சுட்டார்" என்றார்.

அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் தம்ளரைப் பார்த்தேன். விளிம்பு வரைக்கும் ஊற்றியிருந்தாள். அப்படி ஊற்றவே மாட்டாள், எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"ஆமா, அவுகளுக்கு நல்லா எழுத வரும்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

குழாய் திறந்தது. ஆசிரியர் விடைபெறுகிற வரைக்கும் ஓடியது. அவரைத் தெருமுனை வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்தேன், அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் ஒரு மனுஷியால் சிரிக்க முடியுமா என்று கேட்காதீர்கள். அவள் சிரிக்கிற சுபாவம் உள்ளவள்.

அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குத்தான் எழுதினாள். உங்கள் பைண்டில் கடைசியாக இருப்பது அதுதான். அனவரதம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துபோகிறார். பெண்டாட்டி அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். அனவரதம் கதவுக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு எத்தனை படி தண்ணீர் வீணாகிறது என்று கணக்குப் போடுகிறான். கதவைத் தட்டவில்லை. என்ன என்று கேட்கவில்லை. பெருக்கிப் பார்க்கிறான், வகுத்துப் பார்க்கிறான், நிற்கிறான். தொடரும். அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த வாரத்துக்குத்தான் விழுந்து விழுந்து சிரித்தோம் என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள்.

அதோடு நிறுத்திவிட்டாள். எனக்கு அவள்மேல் ஒரு குறை உண்டென்றால் அது இதுதான். ஒரு ஆளைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, அப்படியேவா விட்டுவிட்டுப் போவது?

"அடுத்த வாரத்துக்கு எழுதலியா வடிவு?" என்று கேட்டேன்.

"எழுதுகது நீங்கதானே. எழுதுங்க" என்றாள். கோபமாக இல்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

நானும் எழுதினேன். அனவரதம் கதவைத் தட்டுகிற மாதிரி. அவள் திறக்கிற மாதிரி. திறந்ததும் அவள் என்ன சொல்வாள் என்ற இடத்தில் எனக்கு ஓடவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவள் என்ன சொல்வாள் என்று ஒரு வரி வரவில்லை. அதனால் அந்த இடத்தில் சமையல் காஸ் தீர்ந்துபோகிற மாதிரி ஒரு வேடிக்கையைச் சேர்த்து அனுப்பினேன். களைப்புத் தெரிகிறது, கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். கதாசிரியருக்கு உடல்நலமில்லாததால் தொடர் பிறகு வரும் என்று பத்திரிகையில் ஒரு கட்டம் போட்டார்கள். கடைவீதியில் எல்லோரும் என்னை உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, அப்போது.

அப்புறம் அவள் பேனாவைத் தொட்டது பால்காரருக்குச் சீட்டு எழுதத்தான்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? அப்படியானால் எழுதினது அவர்கள்தானா என்கிறீர்கள். கையால் எழுதினது அவள். நான் இல்லாவிட்டால் அந்தக் கதை ஏது? அனவரதம் நான் இல்லை. ஆனால் நான் இல்லாமல் அனவரதமும் இல்லை. தராசுக்கு ஒரு தட்டா இருக்கிறது? என்னைத்தான் ஊருக்குத் தெரியும். என் படம் போட்டால்தான் நாலு பேர் அடையாளம் கண்டு வாங்குவார்கள். உங்கள் வியாபாரத்துக்காகத்தான் சொல்கிறேன்.

அவள் போன பதினாறு கழிந்து நயினார் துக்கம் கேட்க வந்தார். கையில் இதே தொடர், அவர் பைண்ட் செய்து வைத்திருந்தது. "வாசிங்க அண்ணாச்சி. நீங்க எழுதினதே ஒங்களச் சிரிக்க வைக்கும். இதுக்கு மேல ஒரு மருந்து கெடையாது" என்று கொடுத்தார். ஊருக்கெல்லாம் சிரிப்புக் கதை எடுத்துக் கொடுத்தவனுக்கு ஒருவர் சிரிப்புக் கதை எடுத்துக் கொடுக்கிறார். மறுக்க முடியுமா? வாசித்தேன். கண்ணால் வாசித்தாலும் அவள் குரலில்தான் வருகிறது. இன்ன வரியை எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், எழுந்துபோய்க் குழாயைத் திறந்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அந்த வரிகளெல்லாம் என்னைப் பற்றியவை.

அனவரதத்தைப் பற்றியவை என்று சொல்ல வந்தேன்.

அதற்கப்புறம்தான் குழாய் தானாக ஓட ஆரம்பித்தது. அழுத்தம்தான். பக்கத்து வீட்டிலும் அப்படித்தானா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். அவர்கள் குழாய் புதுசு. சத்தம் கேட்டதும் எழுந்து போகிறேன். கதவு வரைக்கும் போகிறேன். உடனே உள்ளே போவதில்லை, கொஞ்சம் நிற்கிறேன். நிற்கும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். பழக்கம். ஒருநாள் தட்டினேன். என் வீட்டு அடுக்களைக் கதவை நானே தட்டிவிட்டு நின்றேன். யாரிடமும் சொன்னதில்லை, ஆசிரியர் குறிப்பில் அதையெல்லாம் போட்டுவிடாதீர்கள்.

முடிவு எழுதத்தான் உட்கார்கிறேன். அவள் திறந்ததும் என்ன சொல்வாள் என்ற இடம் இன்னும் வரவில்லை.

தம்ளரை அங்கேயே வையுங்கள். ஐயோ, வேண்டாம் அம்மா, விருந்தாளி போய்க் கழுவுவதாவது. சரி, நீங்கள் கேட்கமாட்டீர்கள். இடது பக்கம். கதவு காற்றுக்குச் சாத்திக்கொள்ளும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறையத் திறந்துவிட்டீர்களே. ஒரு தம்ளருக்கு அவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

பரவாயில்லை. பரவாயில்லை, ஓடட்டும்.

கேட்கிறதா அம்மா? சோப்பு ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.

நான் இங்கேதான் இருக்கிறேன். கதவுக்கு வெளியேதான்.

அம்மா?

வந்துவிட்டீர்களா. நான் சும்மா இந்தப் பக்கமாக வந்தேன். முகம் கழுவியிருக்கிறீர்கள். துண்டு கொடியில் கிடக்கிறது, துவைத்த துண்டுதான். ஒன்று கேட்கலாமா? உங்களைத்தான் கேட்க முடியும். உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நீங்கள் சிரித்தீர்களா, இல்லை...

வேண்டாம். சொல்ல வேண்டாம். பஸ் எத்தனை மணிக்கு?

அப்படியானால் நேரம் இருக்கிறது. முடிவு என்னால் எழுத முடியாது அம்மா. அவன் அங்கேயே நிற்கட்டும். தொடரும் என்று அவள் போட்டதையே போட்டுவிடுங்கள்.

அந்த ஸ்டூலை அவள் படத்துக்குக் கீழே இழுத்துப் போட்டுக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? முறிந்த கால், நம்ப முடியாது. ஆணி கெட்டியாகத்தான் இருக்கிறது. இந்த மாலையை வாங்கி மேசைமேல் வையுங்கள். தூசி வந்துவிட்டது, பாருங்கள். சந்தனம் கண்ணாடிமேல்தான் இருக்கிறது, துடைத்தால் போய்விடும், முகத்தில் ஒன்றும் படவில்லை. அப்படிக் கனக்காது. சட்டத்தோடு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். இந்தத் துண்டிலேயே சுற்றிக்கொள்ளுங்கள். பையில் வைக்கும்போது கண்ணாடி உங்கள் பக்கமாக இருக்கட்டும், பஸ்ஸில் இடிப்பார்கள்.